எட்டாவது வித்தியாசம்

"உன் ஷூவ நீயே எங்கயாவது மறந்து வெச்சிட்டியாம்மா?"

என் வகுப்பு ஆசிரியர் நகுமோ சார் இதைக் கேட்டபோது நான் பள்ளி வாசலில், ஷூ அடுக்குகளுக்கு முன்னால், வெறும் காலுறையோடு நின்றிருந்தேன். பிப்ரவரி மாதத்துத் தரை. குளிர் காலுறை வழியாக ஏறி முழங்காலில் வலித்தது. பள்ளிக்குள் போடும் வெள்ளை ஷூ இருக்க வேண்டிய என் பெட்டி காலியாக இருந்தது. அவருக்குப் பின்னால் என் வகுப்பு அரிசாவும் அவள் தோழிகளும் தங்கள் ஷூக்களுக்குள் குதிகாலை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நிதானமாக யாரும் ஷூ போட்டு நான் பார்த்ததில்லை.

என் ஷூ எங்கே என்று அவருக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அரிசா அதை நீச்சல் குளத்தில் எறிந்தாள். குளிர்காலத்தில் யாரும் இறங்காத குளம். தண்ணீர் பச்சை பிடித்து, மேலே இலை மிதக்கக் கிடக்கும். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது மாடியில் ஆசிரியர் அறை ஜன்னலில் நகுமோ சார் இருந்தார். எப்போதும் போடும் அதே கட்டம் போட்ட கையில்லாத ஸ்வெட்டர், கையில் டீக் கோப்பை. மிதக்கும் ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கோப்பைக்குள் பார்த்தார். டீயில் ஏதோ விழுந்துவிட்டதுபோல வெகுநேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் மறுநாள் அவர் கேட்ட கேள்விக்கு "ஆமா சார்" என்றேன். அந்தக் கேள்வியில் வேறு பதிலுக்கு இடம் வைக்கப்படவில்லை. அம்மா புது ஷூ வாங்கித் தந்தாள். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத பெண் என்று திட்டியபடியே தந்தாள். அதைச் சில நாள்தான் போட்டேன். பனி உருகுவதற்குள் பள்ளியை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் தொயாமா. அம்மா அதன் துறைமுகத் தெருவில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். கடையின் பெயர் சுமிரே. துண்டு மடிப்பதும், தலை அலசி விடுவதும், தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதும் என் வேலையாயின. தலை அலசும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்தது.

கடையில் ஒரே ஒரு பத்திரிகை வாங்குவோம். 'இரு ஜன்னல்' என்று பெயர். மாதம் ஒருமுறை வரும். முழுக்கப் படப்புதிர்கள்தான்: இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் அதே படம், ஆனால் அங்கங்கே மாற்றம். புது இதழ் வரும் நாளில் ரயிலடிப் புத்தகக் கடை திறக்கும்போதே நான் வாசலில் நிற்பேன். கட்டைப் பிரித்ததும் வழுவழுப்பான அட்டையின் மை வாசனை வரும். அதை மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பனியில் நடந்து வருவேன். வழியில் பிரிக்க மாட்டேன். கடைக்குள் வந்து, கையைத் துடைத்து, யாரும் வட்டம் போடாத பக்கங்களை ஒரே ஒரு முறை புரட்டிப் பார்ப்பேன். அந்த நேரத்துக்காக மாதம் முழுவதும் காத்திருக்கலாம்.

ஏன் அது அவ்வளவு பிடிக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பள்ளியில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் நேற்றும் இன்றும் ஒரே படம்தான். 'இரு ஜன்னல்' மட்டும்தான் முதலிலேயே ஒப்புக்கொள்கிறது: இதில் தவறு இருக்கிறது, இத்தனை இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் தெரியும் என்று.

எங்கள் கடையில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. பேனா கூடாது. பென்சிலால் மெல்லிசாக வட்டம் போட வேண்டும். ஒருவர் முடித்ததும் நான் அழித்து அடுத்தவருக்குத் தருவேன். முதல் உரிமை, சுருள் மருந்து போட்டுக்கொண்டு பெரிய ட்ரையர் கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு. இதற்காகவே மீன் ஏலக் கூடத்து ஹொரியே அக்கா புது இதழ் வரும் நாள் பார்த்து முடியைச் சுருட்டிக்கொள்ள வருவாள்.

"முடி சுருண்டா என்ன, சுருளாட்டி என்ன. புத்தகத்தக் குடு, சிதோசே" என்பாள். ட்ரையர் இரைச்சலில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி பேசுவாள்.

அழிப்பது நான் என்பதால் யார் எப்படித் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஹொரியே அக்கா நடுவிலிருந்து தொடங்குவாள். அம்மா மூலைகளை விட்டுவிடுவாள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: படத்தின் கீழே ஐந்து என்று போட்டிருந்தால், ஐந்தாவது வட்டம் போட்டதும் பென்சிலை வைத்துவிடுவார்கள். ஆறாவதாக ஒன்றை யாரும் தேடுவதில்லை.

நகுமோ சாரும் அப்படித்தான்.

நான் பள்ளியை விட்டதிலிருந்து அவர் கடைக்கு வந்துகொண்டிருந்தார். வராத மாணவியின் வீட்டுக்கு வகுப்பு ஆசிரியர் போய்ப் பார்ப்பது வழக்கம். முதலில் அதற்காக வந்தார். என் பெயர் வருகைப் பதிவிலிருந்து போன பின்பும் மாதம் ஒருமுறை, சரியாகப் புது இதழ் வரும் நாளில் வந்தார். "முடி வெட்டிக்கலாம்னு" என்பார். பெண்கள் கடைதான் என்றாலும், சார் என்பதால் அம்மா அவருக்கு வெட்டிவிடுவாள். அவர் பார்க்க வந்தது பத்திரிகையை.

அம்மாவுக்கு அது புரியவில்லை. "உன்னை மாதிரி விட்டுட்டுப் போன பொண்ண எந்த வாத்தியார் இன்னும் நெனச்சுட்டு வருவார்? போய் டீ போட்டுக் குடு" என்பாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். அவர் கோப்பையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பச்சைத் தண்ணீர் தெரியும். ஒரு நாள் அந்தக் கோப்பையைத் தூக்கிப் போட்டு உடைப்பேன் என்று நினைப்பேன். பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன்.

மதிய நேரங்களில், வாடிக்கையாளர் இல்லாதபோது, நானே இணைப் படங்கள் வரைந்து பழகினேன். அக்டோபரில் மீன் ஏலக் கூடத்தை வரைந்தேன். பெட்டி பெட்டியாக, எங்கள் கடலில் கிடைக்கும் பூரி என்ற பெரிய மீன்கள், ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள், ஏலம் கூவும் ஹொரியே அக்கா. வரைந்ததைப் பத்திரிகைக்கு அடியில் வைத்திருந்தேன். நகுமோ சார் வந்து போன பிறகு அது அங்கே இல்லை. காற்றில் பறந்திருக்கும் என்று அலமாரிக்குப் பின்னாலெல்லாம் தேடினேன்.

டிசம்பர் இதழைக் கடையில் பிரித்தபோது வாசகர் பக்கத்தில் அது இருந்தது. என் மீன்கள். கீழே: வரைந்தவர், நகுமோ, தொயாமா. மாதத்தின் சிறந்த படம் என்று பக்கத்தில் ஒரு சின்ன ரோஜா முத்திரை.

அன்று வெளியே, பூரி மீனை எழுப்பிவிடும் என்று எங்கள் ஊரில் சொல்கிற குளிர்கால இடி விடாமல் இடித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி ஹொரியே அக்கா கத்தினாள்.

"யோவ் சார், இது நான்தானே? வாயப் பாரு, ஊரையே முழுங்குற மாதிரி. இப்பிடியா என்னை வரைவீங்க?"

"சும்மா ஒரு பொழுதுபோக்கு" என்றார் நகுமோ சார், நாற்காலியில் சாய்ந்து.

"மீனோட கண்ணப் பாருங்க தொமொயோ" என்று அம்மாவை அழைத்தாள் அவள். "நேத்து வந்த மீனு மாதிரியே இருக்கு. சார், எப்ப எங்க கூடத்துக்கு வந்து பாத்தீங்க?"

"ஞாபகத்துல இருந்ததுதான்."

அம்மா அவர் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியபடி, "எங்க சிதோசேகூட ஏதோ கிறுக்கிட்டு இருப்பா. சார்தான் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்" என்றாள்.

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அம்மா வெந்நீர் எடுக்க உள்ளே போனபோது அவர் குரலைத் தாழ்த்தினார். ஹொரியே அக்காவின் தலை ட்ரையருக்குள் இருந்தது. தாழ்ந்த குரல் அவளுக்குக் கேட்காது.

"உன்கிட்டக் கேட்டுட்டு அனுப்பலாம்னுதான் இருந்தேன். ஆனா உனக்கு நாலு பேர் பாக்குற மாதிரி பேர் வர்றதெல்லாம் பிடிக்காதுல்ல? நீ யார்கிட்டயும் பேசுற பொண்ணு இல்லையே."

நான் பேசவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"வேற ஏதாச்சும் வரைஞ்சா எடுத்து வை" என்றார். "நல்லா வருது உனக்கு."

அவர் சொன்ன அத்தனையிலும் அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எரித்தது. ஏனென்றால் அதைக் கேட்டதும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்கும் சேர்த்து அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எடுத்து வைத்தேன். அதற்காக மதியம் மதியமாக உட்கார்ந்தேன். இந்த முறை பள்ளிக்கூடத்தை வரைந்தேன். மைதானம், மணிக்கூண்டு, சைக்கிள் கொட்டகை, துடைப்பத்தோடு நிற்கும் மாணவர்கள், கூரையில் காகம். வலது ஓரத்தில் நீச்சல் குளம். அதில் இலைகளுக்கு நடுவே இரண்டு வெள்ளைப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் ஷூ. மாடியில் வரிசையாக ஜன்னல்கள். ஒரு ஜன்னலில், அரிசி மணி அளவுக்கு, கோப்பையோடு ஒரு ஆள். அவன் ஸ்வெட்டரின் கட்டங்களை மட்டும் மிகக் கூரான பென்சிலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன்.

இரண்டு படங்களுக்கும் ஏழு வித்தியாசங்கள் வைத்தேன். காகத்தின் வால், கடிகார முள், சைக்கிள் மணி, இப்படி. எல்லாம் கொஞ்சம் சிரமப்பட்டால் கிடைத்துவிடும். எட்டாவதாக ஒன்று வைத்தேன். இடப்படத்தில் ஜன்னல் ஆள் குளத்தைப் பார்க்கிறான். வலப்படத்தில் கோப்பைக்குள் பார்க்கிறான். தலை கொஞ்சம் குனிந்திருக்கும், அவ்வளவுதான்.

படத்தின் கீழே அழகாக எழுதினேன்: ஏழு வித்தியாசங்கள்.

ஜனவரியில் அவர் வந்தபோது நானே கையில் கொடுத்தேன். அம்மா அப்போது வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஸ்கூலா? அடடே" என்றார். "எத்தனை?"

"ஏழு, சார்."

"சொல்லாத, சொல்லாத. நானே பாக்கறேன்."

பென்சிலை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை அதன் கீழே வைத்துக்கொண்டேன். முதலில் காகம். பிறகு கடிகாரம். சைக்கிள் மணிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தார். பென்சில் முனை மாடி ஜன்னல்கள் வழியாக ஒவ்வொன்றாகப் போனது. அந்த ஜன்னலில் நின்றது.

"ஜன்னலுக்குள்ள ஆளெல்லாம் போட்டிருக்கியே. உழைப்புதான்" என்றார். பென்சில் அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டது.

அங்கே அவர் நின்றிருந்தால், தன்னை அடையாளம் கண்டிருந்தால், படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் நிற்கவில்லை. ஏழாவது வட்டம் போட்டதும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பாத்தியா, உன்கிட்ட விடைகூடக் கேக்க வேண்டியதில்ல" என்று சிரித்தார். வாசகர்கள் அனுப்பும் படத்தோடு விடைத்தாளும் இணைக்க வேண்டும் என்பது 'இரு ஜன்னல்' விதி. அந்த விடைத்தாளை அவரே தயார் செய்துகொண்டார்.

மார்ச் இதழில் படம் வந்தது. நகுமோ, தொயாமா. இந்த முறையும் ரோஜா முத்திரை. எங்கள் கடைப் பெண்கள் எல்லோரும் போட்டார்கள், எல்லோரும் ஏழு கண்டுபிடித்தார்கள், எல்லோரும் பென்சிலை வைத்தார்கள். நான் அழித்தேன், அடுத்தவருக்குக் கொடுத்தேன். யாராவது எட்டாவது வட்டம் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். ஒருவரும் போடவில்லை. அம்மா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று சாரிடம் கேட்டாள். "வேண்டாம் வேண்டாம்" என்று அவர் கூச்சப்பட்டார். அன்று இரண்டு கோப்பை டீ குடித்தார்.

ஆனால் 'இரு ஜன்னல்' எங்கள் கடைக்கு மட்டும் வருவதில்லை. நாடு முழுவதும் போகிறது. எண்ணிக்கை நிறைந்த பிறகும் தேடுகிற ஆட்கள் எங்கேயாவது இருந்தே தீர வேண்டும். என்னைப் போல, வெளியே போகாமல், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள். அவர்களை நம்பித்தான் அந்த ஆளை வரைந்தேன்.

ஏப்ரல் இதழை ரயிலடியிலேயே, தெருவில் நின்றபடி பிரித்தேன். முதல்முறை. வாசகர் பக்கத்தின் கீழே ஒரு கட்டத்துக்குள் அது இருந்தது. படித்து முடித்ததும் பத்திரிகையை மூடி, கோட்டுக்குள் வைத்து, வழக்கம்போல நடந்து வந்தேன். கடைக்குள் ஹொரியே அக்கா ஏற்கெனவே சுருள்களோடு ட்ரையருக்குள் இருந்தாள். நகுமோ சார் கையில் டீக் கோப்பையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் தலையின் இடப்பக்கத்தை வெட்டி முடித்திருந்தாள்.

"வந்துடுச்சா?" என்று அவர் கை நீட்டினார்.

"வரிசைன்னா வரிசை" என்றாள் ஹொரியே அக்கா. "நீங்க பெரிய ஓவியர் ஆயிட்டா சட்டம் மாறிடுமா? குடு சிதோசே."

கொடுத்தேன். வாசகர் பக்கத்தை மேலாக மடித்துக் கொடுத்தேன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். பிறகு ட்ரையர் இரைச்சலுக்கு மேல், ஏலம் கூவும் குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

"'போன மாதப் பள்ளிக்கூடப் படத்தில் ஏழு வித்தியாசங்கள் என்று அறிவித்திருந்தோம். எட்டாவது ஒன்று இருப்பதாகப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மாடி ஜன்னலில் இருப்பவர் ஒரு படத்தில் குளத்தில் கிடக்கும் ஷூக்களைப் பார்க்கிறார், மற்றதில் கோப்பையைப் பார்க்கிறார். கவனிக்கத் தவறியதற்கு மன்னிக்கவும். படத்தை வரைந்தவரின் விடைத்தாளிலேயே இது இல்லாதது எப்படி என்று எங்களுக்கும் விளங்கவில்லை.' ஏன் சார், நீங்க வரைஞ்சது உங்களுக்கே தெரியலையா?"

"கை தவறியிருக்கும்" என்றார் அவர், இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி.

"கை தவறி ஒரு ஆளோட தலை குனியுமா? இருங்க, போன மாசத்தது எங்க? அங்க இருக்கு பாரு, எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு, படத்தை முகத்தருகே கொண்டுபோனாள். அம்மாவின் கத்தரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா, ஜன்னல்ல ஆளு. கோப்பை. கட்டம் போட்ட..." அவள் தலையை ட்ரையருக்கு வெளியே எடுத்தாள். கூடு வெறும் காற்றை ஊதியது. படத்தைப் பார்த்தாள், துணிக்கு மேல் தெரிந்த அவருடைய ஸ்வெட்டரின் கழுத்தைப் பார்த்தாள். "சார், இது நீங்கதானே?"

அவர் துணியைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்தத் தொயாமாவுல இப்பிடி ஒரு ஸ்வெட்டர வேற யார் போடுவா? நீங்களேதான். சரி, அந்தக் குளத்துல கெடக்குறது யார் ஷூ?"

கத்தரிச் சத்தம் நின்றது. அம்மா கண்ணாடி வழியாக அவரைப் பார்க்கவில்லை. நேராகத் திரும்பி என்னைப் பார்த்தாள். புது ஷூ வாங்கிய நாள் அவள் முகத்தில் வந்து போனது. அவள் இப்போதுதான் தேடத் தொடங்குகிறாள் என்று தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"சிதோசே" என்றாள் அம்மா. "அந்த மீன் படம்?"

"நான் வரைஞ்சது."

"இது?"

"இதுவும்."

"அந்த ஷூ?"

"என்னோடது. அரிசா எறிஞ்சா. சார் அந்த ஜன்னல்ல இருந்தார்."

நகுமோ சார் நாற்காலியில் நிமிர்ந்து, "தொமொயோ, இதுல ஒரு சின்னக் குழப்பம்..." என்று ஆரம்பித்தார். அவர் குரல் வகுப்பறையில் ஒலிப்பதுபோலவே இருந்தது, மென்மையாக, பொறுமையாக. அந்தக் குரலுக்கு என் அம்மா எத்தனை முறை தலையாட்டியிருக்கிறாள். இன்னும் இரண்டு வாக்கியம் விட்டால் மறுபடி ஆட்டிவிடுவாளோ என்று பயந்தேன்.

அதனால் நான் அவர் முன்னால் போய் நின்றேன். பனி இல்லை, தரை சில்லென்று இல்லை, காலில் கடைச் செருப்பு இருந்தது.

"எட்டாவது வித்தியாசத்த நீங்களே எங்கயாவது மறந்து வெச்சிட்டீங்களா, சார்?"

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தில் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று ஒரு வருடத்துக்கும் மேலாக நான் காத்திருந்த முகம் அது. பார்வையை விலக்காமல் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். கையில் இருந்த கோப்பைக்குள் பார்த்தார்.

"அதுல ஒண்ணும் விழல சார்" என்றேன்.

ஹொரியே அக்கா ட்ரையரை அணைத்தாள். அம்மா கத்தரியைத் தட்டில் வைத்தாள். சீப்பையும் வைத்தாள். அவர் கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்து, வெட்டிய முடி தரையில் விழும்படி ஒரு உதறு உதறி, மடிக்காமல் கூடையில் போட்டாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இடப்பக்கம் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது. வலப்பக்கம் காதை மூடித் தொங்கியது. அம்மா மறுபடி கத்தரியை எடுப்பாள் என்று அவர் சிறிது நேரம் காத்திருந்தார்.

பிறகு எழுந்தார். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் மேலேயே வைத்தார். வாசலில் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கட்டங்கள் தெரியாதபடி கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, தெருவில் இறங்கிப் போனார்.